ஆயில் எங்கே போகிறது?



மழைக்காலத்தில் ஓட்டு வீடு ஒழுகும். தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு பாத்திரத்தை வைப்பார்கள். மழை விட்டதும் கூரை மேல் ஏறிப் பார்ப்பார்கள். சொட்டிய இடத்துக்கு நேர் மேலே ஓடு நன்றாக இருக்கும். உடைந்த ஓடு நாலு முழம் தள்ளி இருக்கும். தண்ணீர் கட்டை வழியாக ஓடி வந்து இங்கே சொட்டியிருக்கும்.

பழைய மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். ஆயில் சொட்டும் இடம் ஒன்று. கசியும் இடம் வேறு. கசிவதற்குக் காரணம் இன்னொன்று. இது தெரியாததால் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

சந்தை வியாபாரியின் புல்லட்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அது தங்கம் தோண்டிய ஊர். சுரங்க வேலைக்காகத் தமிழ் மக்கள் பல தலைமுறைக்கு முன்பே அங்கே போனார்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பலர் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். சிலர் சொந்தமாக வியாபாரம் தொடங்கினார்கள்.

அப்படி ஒருவர் துணி வியாபாரி ஆனார். அவர் ஒரு பழைய புல்லட் வாங்கினார். இரும்பு சிலிண்டர் வைத்த 350 புல்லட். பின்னால் துணி மூட்டையைக் கட்டுவார். பங்காருப்பேட்டை, பேத்தமங்கலம், முல்பாகல் பக்கத்துச் சந்தைகளுக்குப் போவார். வாரத்தில் மூன்று நாள் சந்தை. மற்ற நான்கு நாளும் வண்டி வாசலில் நிற்கும்.

அந்த வண்டி ஆயில் குடித்தது. எஞ்சினெல்லாம் ஆயில் வழிந்தது. வியாபாரி கேஸ்கட் மாற்றினார். கசிவு நிற்கவில்லை. மறுபடி மாற்றினார். மூன்றாவது முறையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் ஒரு சந்தை போயிற்று. கையிலிருந்த பணமும் போயிற்று.

ஒருநாள் வளைவில் பின் சக்கரம் வழுக்கியது. டயரில் ஆயில் பட்டிருந்தது. நல்லவேளை, எதிரே லாரி வரவில்லை. வீட்டுக்கு வந்தவர், "இதைப் பழைய இரும்புக் கடையில போட்டுடறேன்" என்றார்.

அவர் மனைவி மாலை நேரத்தில் எழுத்தறிவு வகுப்புக்குப் போய்ப் படித்தவர். அவர்தான் சந்தைக் கணக்கு எழுதுவார். "விற்கிறது இருக்கட்டுங்க. மேஸ்திரி கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரலாம்" என்றார். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நோட்டு சொன்ன செய்தி

மேஸ்திரி வயதானவர். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்ப ஆயில் ஊத்தினே தம்பி?"

"ஞாபகம் இல்லை மேஸ்திரி. அடிக்கடி ஊத்தறேன்."

"அடிக்கடின்னா?"

வியாபாரிக்குச் சொல்லத் தெரியவில்லை. மனைவி கணக்கு நோட்டைப் பிரித்தார். "அண்ணே, செலவெல்லாம் இதுல எழுதியிருக்கேன்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார்.

7-ஆம் தேதி, சந்தை. ஆயில் அரை லிட்டர்.
8-ஆம் தேதி, சந்தை.
9-ஆம் தேதி, சந்தை.
14-ஆம் தேதி, சந்தை. ஆயில் அரை லிட்டர்.
15-ஆம் தேதி, சந்தை.
16-ஆம் தேதி, சந்தை.
21-ஆம் தேதி, சந்தை. ஆயில் அரை லிட்டர்.

மேஸ்திரி மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு சிரித்தார்.

"பார்த்தியா தம்பி! வண்டி ஓடற நாள்ல ஆயில் குறையல. நாலு நாள் நின்னா மட்டும் குறையுது. நிக்கிற வண்டி ஆயில் குடிக்குமா?"

வியாபாரி யோசித்தார். வண்டி நின்ற இடத்தில் தரையில் இரண்டு மூன்று சொட்டுதான் இருக்கும். அரை லிட்டர் ஆயில் எங்கே போனது?

ஆயில் போன இடம்

இதைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

புல்லட் இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 1955-ஆம் ஆண்டு சென்னையில் அதற்கு ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. இராணுவத்துக்கும் போலீசுக்கும் இந்த வண்டி போயிற்று. இரும்பு சிலிண்டர் எஞ்சின் 2010-ஐ ஒட்டித்தான் நின்றது. அதனால் நாடு முழுவதும் இந்தப் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

இந்த எஞ்சினில் ஆயிலுக்கு ஒரு தனி அறை உண்டு. இரண்டு பம்புகள் உண்டு. ஒரு பம்பு அறையிலிருந்து ஆயிலை எடுத்து, தேயும் பாகங்களுக்கு அனுப்பும். வேலை முடிந்த ஆயில் எஞ்சினின் அடியில் விழும். இரண்டாவது பம்பு அதை எடுத்துத் திரும்பவும் அறைக்கு அனுப்பும். கிணற்று நீர் வயலுக்குப் போய், மறுபடி கிணற்றுக்கே வருவது போல.

பம்பில் ஒரு தகடு உண்டு. நாளாக ஆக அது தேயும். பிறகு, வண்டி நிற்கும்போது ஆயில் மெல்ல மெல்ல அதன் வழியே நழுவும். அறையிலிருந்து எஞ்சினின் அடிக்கு இறங்கிவிடும். நான்கு நாள் நின்றால் கணிசமாக இறங்கும்.

சந்தை நாள் காலையில் வியாபாரி என்ன செய்தார்? அளவு கம்பியை எடுத்துப் பார்த்தார். அறையில் ஆயில் குறைந்திருந்தது. அரை லிட்டர் ஊற்றினார். உண்மையில் ஆயில் குறையவில்லை. இடம்தான் மாறியிருந்தது.

வண்டியைக் கிளப்பியதும் இரண்டாவது பம்பு அடியில் இருந்த ஆயிலை மேலே ஏற்றியது. இப்போது அறையில் ஆயில் அளவுக்கு மேல் ஆகிவிட்டது. மிஞ்சிய ஆயிலை எஞ்சின் வெளியே தள்ளியது. அதைக் கசிவு என்று நினைத்து மூன்று முறை கேஸ்கட் மாற்றினார்கள்!

மேஸ்திரி இதை நேரில் காட்டினார். முதலில் நின்ற வண்டியில் அளவு பார்த்தார். குறைவாக இருந்தது. வண்டியைக் கிளப்பி, வேகம் கூட்டாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டார். நிறுத்திவிட்டு மறுபடி அளவு பார்த்தார். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்றது.

"ஓடி நின்ன பிறகுதான் அளவு பார்க்கணும். வண்டிப் புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் மேஸ்திரி.

எஞ்சினுக்கும் மூச்சு உண்டு

மேஸ்திரி இன்னொன்றையும் கண்டுபிடித்தார். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எஞ்சினுக்குள் காற்று அழுந்தும். அந்தக் காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதுதான் மூச்சுக் குழாய். மெக்கானிக்குகள் பிரீதர் பைப் என்பார்கள்.

வியாபாரியின் வண்டியில் அந்தக் குழாய் மடங்கி நசுங்கி இருந்தது. உள்ளே அழுக்கும் அடைத்திருந்தது. காற்று போக வழியில்லை. அதனால் அது ஆயிலைத் தள்ளிக்கொண்டு மூட்டு மூட்டாக வெளியே வந்தது. வாயைக் கட்டிய சாக்கை அழுத்தினால் தையல் வழியாக மாவு வருமே, அது போல.

புதுக் கேஸ்கட் போட்டாலும் இந்த அழுத்தம் விடாது. ஆகவே பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால், முதலில் மூச்சுக் குழாயைப் பாருங்கள். அதை மாற்றச் செலவு மிகக் குறைவு.

மேஸ்திரி புதிய குழாய் போட்டார். மிஞ்சிய ஆயிலை இறக்கினார். பம்பின் தகட்டைச் சமமாகத் தேய்த்துப் பொருத்தினார். ஒரு கேஸ்கட்டையும் அவர் கழற்றவில்லை. டயரைச் சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவினார். பிறகே வண்டியைக் கொடுத்தார்.

கசிவைக் கண்டுபிடிக்கும் வழி

சில வண்டிகளில் உண்மையாகவே கசிவு இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது.

எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு அழுக்கைக் கழுவுங்கள். துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். மூட்டுகளின் மேல் முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். வண்டியை வெட்டவெளியில் நிறுத்திச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. அந்தப் புகை உயிரைப் பறிக்கும்.

இப்போது பவுடரைப் பாருங்கள். எந்த இடம் முதலில் நனைகிறதோ, அங்கேதான் கசிவு. ஆயில் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரமான இடங்களில் மேலே இருப்பதையும் முன்னால் இருப்பதையும் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு டார்ச் விளக்கு போதும். தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் சொட்டு விழுந்தது என்று பாருங்கள். இந்த வண்டியில் ஆயில் மூன்று இடங்களில் இருக்கிறது.

ஒன்று, எஞ்சின்.
இரண்டு, இடது பக்கம் கிளட்ச் இருக்கும் செயின் பெட்டி.
மூன்று, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள கியர் பாக்ஸ்.

மூன்றும் தனித்தனி. இடது பக்கம் சொட்டினால் செயின் பெட்டியின் ரப்பர் சீலைப் பார்க்க வேண்டும். நடுவில் சொட்டினால் ஆயில் இறக்கும் போல்ட்டையும் அதன் வாஷரையும் பார்க்க வேண்டும். பின்னால் சொட்டினால் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும்.

வெளியே சொட்டே இல்லை, ஆனால் எஞ்சின் ஆயில் குறைகிறது. செயின் பெட்டியில் ஆயில் கூடுகிறது. இப்படியும் நடக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் போய்விட்டது என்று பொருள். கிளட்ச் வழுக்கவும் இது காரணமாகும்.

கசிகிறது என்று போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்குவது தவறு. அலுமினியத்தில் மரை போய்விடும். பிறகு செலவு பல மடங்கு ஆகும். கேஸ்கட் பசையை அள்ளிப் பூசுவதும் தவறு. பிதுங்கிய பசை உள்ளே விழுந்து ஆயில் போகும் துவாரத்தை அடைக்கும். ஆயில் கிடைக்காத எஞ்சின் சூடாகி இறுகிவிடும்.

புகையின் நிறம்

ஆயில் வெளியே கசியாமல் உள்ளேயே எரியவும் கூடும். சைலன்சர் புகை அதைச் சொல்லும்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வேகம் கூட்டும்போது நீலப் புகை வந்தால், பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு, மறுபடி திருகும்போது வந்தால், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம்.

கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். மண் அடைத்திருக்கும்.

குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, சற்று நேரத்தில் நின்றால் பயம் இல்லை. அது வெறும் நீராவி.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் தெரியும். காப்பித் தூள் நிறம் என்றால் எஞ்சின் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமான கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. வெளுத்துப் போயிருந்தால் எஞ்சின் அதிகமாகச் சூடாகிறது.

அளவு கம்பியை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் இறங்கி ஆயிலில் கலக்கிறது. அந்த ஆயில் நீர்த்துப் போனது. அதோடு வண்டியை ஓட்டக் கூடாது. கார்புரேட்டரைச் சரிசெய்து, ஆயிலை மாற்ற வேண்டும்.

வழியில் நிற்கும் வண்டி

சில வண்டிகள் ஐந்தாறு கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து உதைத்தால் கிளம்பும். மறுபடி நிற்கும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று உடனே பயப்பட வேண்டாம்.

வண்டி நின்றதும் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகிறதா? அப்படியானால் மூடியில் உள்ள சிறு துவாரம் அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. ஓர் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் போதும். பெட்ரோல் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

காற்று போகிற சத்தம் இல்லை என்றால் நெருப்புப் பொறியைப் பார்க்க வேண்டும். பழைய புல்லட்டில் பாயிண்ட் என்ற சிறு பாகம் உண்டு. அது திறந்து மூடுவதால் பொறி வருகிறது. அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதில் கரி பிடித்தாலும் இடைவெளி மாறினாலும் வண்டி உதைக்கும், நிற்கும். கண்டென்சர் கெட்டால், சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும்.

இன்னொரு செய்தியும் உண்டு. பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டில் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் நாடெங்கும் விற்பனைக்கு வந்தது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள் எத்தனாலில் ஊறி இளகலாம், வெடிக்கலாம். கசிவது ஆயிலா பெட்ரோலா என்று முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் என்றால் வண்டியைக் கிளப்பவே வேண்டாம். முதலில் குழாயை மாற்றுங்கள்.

எழுதி வையுங்கள்

வியாபாரியின் வண்டியைச் சரி செய்தது மேஸ்திரியின் அனுபவம். ஆனால் அந்த அனுபவத்துக்கு வழி காட்டியது ஒரு கணக்கு நோட்டு. வண்டிக்காக யாரும் அதை எழுதவில்லை. அரிசிக்கும் பருப்புக்கும் நடுவில் ஆயிலும் இருந்தது. தேதி இருந்தது. அவ்வளவுதான்.

மேஸ்திரி கூலி வாங்கும்போது அந்த அம்மாவிடம் சொன்னார்: "எத்தனையோ பேர் வண்டியைக் கொண்டு வர்றாங்கம்மா. என்ன ஆச்சுன்னு கேட்டா, ஓடலைன்னு மட்டும்தான் சொல்வாங்க. நீ தேதி சொன்னே. பாதி வேலை அதுலயே முடிஞ்சுது."

இப்போது அந்த வீட்டில் வண்டிக்கென்று தனி நோட்டு இருக்கிறது. அதில் இவற்றை எழுதுகிறார்கள்.

தேதி.
மீட்டரில் உள்ள கிலோமீட்டர்.
வண்டி எத்தனை நாள் நின்றது.
ஆயில் அளவு எப்போது பார்த்தது: ஓடும் முன்பா, ஓடிய பிறகா.
எவ்வளவு ஆயில் ஊற்றியது.
புகையின் நிறம்.
சொட்டு விழுந்த இடம்.
மாற்றிய சாமான், அதன் விலை.

ஆயில் டப்பாவில் உள்ள எண்ணையும் அதில் எழுதுகிறார்கள். இந்த வண்டிக்குப் பலர் 20டபிள்யூ50 என்ற ஆயில் ஊற்றுகிறார்கள். முதல் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்று சொல்கிறது. இரண்டாம் எண், சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று சொல்கிறது. டப்பாவில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது.

இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையிலோ கிணற்று ஓரத்திலோ ஊற்றாதீர்கள். அது தண்ணீரைக் கெடுக்கும். டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் சேரும்படி பட்டறையில் கொடுங்கள்.

அந்தப் புல்லட் பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. இன்றும் சந்தைக்குப் போகிறது. அதற்காக ஒரு சொட்டும் கசிவதில்லை என்று சொல்ல முடியாது. பழைய வண்டி அல்லவா! ஆனால் எங்கே கசிகிறது, எவ்வளவு கசிகிறது என்று அந்த வீட்டில் தெரியும். முதலில் சந்தை நாள் காலையில் கணவர்தான் அளவு கம்பியைப் பார்ப்பார். இப்போது வண்டி ஐந்து நிமிடம் ஓடிய பிறகு, மனைவி பார்க்கிறார். கோட்டைப் பார்த்துச் சொல்கிறார். கணவர் எழுதுகிறார். அவரும் இப்போது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வருகிறார்.

கழற்றுவதற்கு முன் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். எழுதியதைப் படித்துப் பாருங்கள். அதன் பிறகு ஸ்பேனரை எடுங்கள்.



பேசிப் பாருங்கள்

1. வியாபாரியின் வண்டியில் ஆயில் உண்மையில் குறைந்ததா? எங்கே போனது?
2. ஆயில் அளவை எப்போது பார்க்க வேண்டும்? ஏன்?
3. மூச்சுக் குழாய் அடைத்தால் என்ன ஆகும்?
4. உங்கள் வீட்டில் உள்ள வண்டிக்கோ, பம்பு செட்டுக்கோ, தையல் இயந்திரத்துக்கோ ஒரு நோட்டுப் போடுங்கள். இன்று என்ன எழுதுவீர்கள்?